அப்பாவின் இடப்பக்கம்

என் மக்கா தாசு,

நீயும் மருமகளும் ஏறின பஸ் வடசேரிச் சந்தையைத் தாண்டி வளைவில் திரும்புகிறவரை நானும் உன் தங்கச்சி லில்லியும் பார்த்துக்கொண்டு நின்றோம். உன் அப்பா எங்களுக்கு ஓர் அடி முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பஸ் மறைந்த பிறகும் ஆட்டினார். லில்லிதான் போய் அவர் கையைப் பிடித்து இறக்கி, பஸ் போயாச்சு என்றாள். எனக்குத் தெரியாதா என்று அவர் அவளிடம் சண்டைக்குப் போனார். வீடு வந்து சேருகிறவரை இரண்டு பேரும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள். நான் பின்னால் நடந்து வந்தேன். நீ என்னிடம் கேட்டுவிட்டுப் போன கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு இரவல் வாங்கின செம்புகளையும் உருளிகளையும் கிணற்றடியில் போட்டு நான் துலக்கிக்கொண்டிருந்தேன். நீ தண்ணீர் கோரி ஊற்றிக்கொண்டிருந்தாய். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. தலையை நிமிர்த்தாமல், வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். "அம்மா, அன்னைக்கு லில்லி சொன்னதுதான் சரின்னா, நான் செய்ததுக்குப் பேரு என்ன?" அவ்வளவுதான் கேட்டாய். நான் சாம்பலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு உன் மாமனார் வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள், நீயும் வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாய். எழுதினால் தெளியும் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நான் ஏழாம் கிளாஸ் படித்தவள். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் நீ வாசித்துக்கொள்வாய். என் மனசும் இப்போது அந்த எழுத்து மாதிரிதான் இருக்கிறது.

நீ சின்னவனாக இருக்கும்போதே அப்பா பிள்ளை. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து அந்த வாயுவில் பஸ் ஓட்டினார்களே, அப்போது அப்பா பஸ்ஸை விட்டு வீட்டுக்கு வந்தால் கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் கறுப்பாக இருக்கும். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயந்து ஓடும். நீ போய் அவர் காலைக் கட்டிக்கொள்வாய். உன் சட்டையெல்லாம் கரியாகும். நான் ஏசுவேன். அவர் உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். இரண்டு பேரும் அங்கே பேசிக்கொண்டிருப்பது அடுக்களைவரை கேட்கும். என்ன பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். சுதந்திரம் வந்த வருஷம் உன்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகும் இந்த ஒட்டுதல் குறையவில்லை. மற்ற வீடுகளில் மீசை அரும்பத் தொடங்கின பையன்கள் அப்பாவைக் கண்டால் மறுபக்கம் நடப்பார்கள். நீ மட்டும் அவர் வரும் நேரம் பார்த்து வாசலில் நிற்பாய். எங்கள் மாதர் கூட்டத்தில் பாதிரியார் வீட்டம்மா ஒரு தடவை சொன்னார்கள், வளருகிற பிள்ளைகள் தாய் தகப்பனோடு ஒட்டுதலாக இருக்கிற வீட்டில் எந்தக் கஷ்டம் வந்தாலும் எல்லாரும் சேர்ந்து பேசித் தீர்த்துவிடுவார்கள் என்று. நான் எல்லாருக்கும் முந்தித் தலையாட்டினேன். உன்னை நினைத்துத்தான் ஆட்டினேன்.

லில்லியை நினைத்திருந்தால் ஆட்டியிருக்க மாட்டேன். அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயசில் இந்த வீட்டில் அவள் சண்டை போடாத நாள் கிடையாது. தலை பின்னினால் இறுக்கம் என்பாள், பின்னாவிட்டால் அவளைக் கவனிக்க ஆளில்லை என்பாள். அப்பாவோடு இன்னும் மோசம். அவர் ஒன்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். பெண்பிள்ளை ஏன் என்று கேட்டால் எங்கே போய் நிற்கும் என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்பார், நான்தான் கேட்கச் சொல்லிக்கொடுத்த மாதிரி. ஒரு நாள் அவளுடைய சிலேட்டைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்துவிட்டார். அவள் அழவில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இந்த இரண்டு பிள்ளைகளில் எந்தப் பிள்ளை நாளைக்குக் குடும்பத்தைத் தாங்கும் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால், யோசிக்காமல் உன் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு நீ பஸ்ஸில் போகத் தொடங்கினாய். அப்பா அப்போது வடசேரியிலிருந்து திருவட்டாற்றுக்கு ஓடுகிற பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் புறப்படுகிற கடைசி நடைக்கு நீ பள்ளிக்கூடத்திலிருந்து நேரே சந்தைக்குப் போய் ஏறிக்கொள்வாய். அவருக்கு இடப்பக்கம், எஞ்சினை ஒட்டினாற்போல ஒரு சின்னப் பலகை. அதில் உட்கார்ந்து திருவட்டாறுவரை போய், அவரோடு திரும்பி வருவாய். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாவும் மகனும் ஒன்றாக வந்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். கண்டக்டர் தங்கையன் என்னைக் கண்டபோது, அண்ணாச்சிக்கு வாரிசு ஆயாச்சு என்று சிரித்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் உன் மார்க்கு இறங்கியது. வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினார். நான் உன்னிடம் கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை கேட்டேன். எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டு நயமாகவும் கேட்டேன், கோபமாகவும் கேட்டேன். பஸ்ஸில் போவது இஷ்டம் என்று மட்டும் சொன்னாய். வகுப்பில் யாரோடு சண்டை, எந்தப் பையன் யாருடைய பேனாவை எடுத்தான் என்று எல்லாம் சொல்லுகிறவன் நீ. இதை மட்டும் சொல்லவில்லை. எல்லாம் சொல்லுகிற பிள்ளை என்பதால்தான் ஒன்றை மறைத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மழைக்காலத்தில், அழகியமண்டபம் தாண்டி, எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கும்போது பஸ் ரோட்டை விட்டு இறங்கி ஒரு தென்னையில் உரசி நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பொம்பிளை கொண்டுபோன முட்டைக்கூடை கவிழ்ந்து எல்லாம் போயிற்று. ஸ்டியரிங் இறுகிவிட்டது என்று அப்பா சொன்னார். பஸ் முதலாளியும் நம்பினார், நானும் நம்பினேன். நீ அன்றைக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். பயந்துவிட்டான் என்று நினைத்து உன் நெற்றியில் கை வைத்து ஜெபம் செய்தேன். அடுத்த நாளிலிருந்து நீ வேண்டாம் என்பாய் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகு நீ ஒரு நாள்கூட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காலையிலேயே போனாய்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாம் நாலு பேரும் வட்டக்கோட்டைக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். கட்டுச்சோறு கொண்டுபோனோம். கோட்டைமேல் காற்று ஆளைத் தள்ளியது. நீ அப்பாவின் இடப்பக்கமாக நடந்துகொண்டிருந்தாய், எப்போதும்போல. விரிப்பதற்குக் கொண்டுபோன துணி பறந்துவிட, நீ அதை எடுக்க ஓடினாய். அந்தச் சமயத்தில் அப்பா ஒரு கல்லில் இடறி மண்டியிட்டு விழுந்தார். லில்லி பார்த்துக்கொண்டே நின்றாள். தூக்கிவிடவில்லை. பிறகு நான் சோறு பிரிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். இடப்பக்கம் போய் நின்றுகொண்டால் அப்பாவுக்கு ஆள் நிற்பது தெரிவதில்லை என்றாள். நின்று பார்த்தேன், மூன்று நாலு தடவை நின்று பார்த்தேன் என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, மக்கா? கையில் இருந்த அகப்பையால் அவள் முழங்கையில் ஒன்று வைத்தேன். விழுந்தவரைத் தூக்காமல் வேடிக்கை பார்த்ததும் இல்லாமல் குறையும் சொல்லுகிறாயா என்றேன். எந்த நேரமும் சண்டை போடுகிறவள் வந்து சொன்னதால், அவள் சொன்னது ஒரு செய்தி என்று எனக்குப் படவில்லை. அதுவும் ஒரு சண்டை என்றே பட்டது. நீ வந்து அதையே சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே நம்பியிருப்பேன். நம்பப்பட வேண்டியவன் பேசவில்லை, பேசினவளை நான் நம்பவில்லை. இதில் எந்த முடிச்சை முதலில் அவிழ்ப்பது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் உடம்பு அனலாகக் கிடந்தாய். முதல் நாள் அப்பாவும் வயிற்றுவலி என்று வேலைக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். சாயங்காலம் அவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். நான் அடுக்களையிலிருந்து கஞ்சியோடு வந்தால், நீ பாயிலிருந்து எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சட்டை போட்டுக்கொண்டிருந்தாய். பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டாய். படு என்று உன்னைப் பிடித்து இழுத்தேன். நீ என்னைத் தள்ளினாய். என்னைத் தள்ளுகிற பிள்ளை இல்லை நீ. அப்பா வாசலில் நின்றுகொண்டு அந்தப் பக்கம் பார்த்தபடியே, "அவன் வரட்டு. காத்துப் பட்டா மாறிரும்" என்றார். உனக்கு ஒரு தும்மல் வந்தால் சுக்கு வாங்க ஓடுகிற மனுஷன். காய்ச்சலில் நடுங்குகிற பிள்ளையை மழைச்சாரலில் பஸ்ஸுக்குக் கூப்பிடுகிறார். இவருக்கு என்ன ஆயிற்று, உனக்கு என்ன ஆயிற்று, ஏதாவது கெட்ட காரியத்தில் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்துவிட்டீர்களா என்றெல்லாம் ஒரு நொடியில் நினைத்தேன்.

லில்லி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அரைக்கிற சத்தம் நின்றது. கையெல்லாம் மிளகாயோடு எழும்பி வந்து நடுவீட்டில் நின்றாள்.

"வெளிச்சம் மங்கினா அவன் இல்லாம அப்பாக்கு பஸ்ஸ ஓட்ட முடியாதும்மா. அப்பாக்குக் கண்ணு காணாது. இவன் பக்கத்துல இருந்து மாடு வருகு, சைக்கிள் வருகுன்னு சொல்லிக்கொடுக்கான். அதான் பெயிட்டு வாறான்."

அப்பா திரும்பி அவளை அடிக்கக் கை ஓங்கினார். அவள் நகரவில்லை. நகராமல் அவருடைய இடப்பக்கமாகப் போய், ஒரு முழம் தள்ளி, மூச்சு விடாமல் நின்றாள். அவர் ஓங்கின கையோடு அவளைத் தேடினார். முன்னால் பார்த்தார், பிறகு வலப்பக்கம் பார்த்தார். நீ அப்போது கத்தினாய், "ஏட்டி, சும்மா இரி" என்று. நீ கத்தின சத்தத்தில்தான் அவருக்கு அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்தது. கையைக் கீழே போட்டார். வாசற்படியில் உட்கார்ந்தார். நான் கஞ்சிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த நேரத்தில் தங்கையன் வந்துவிட்டார். ஆள் நிறைந்துவிட்டது, நேரம் ஆகிறது என்று வெளியே நின்று கூப்பிட்டார். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா எழும்பவில்லை. நீ அவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாய். நான்தான் வெளியே போனேன். அண்ணாச்சிக்குக் காய்ச்சல், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொன்னேன். தங்கையன் உள்ளே எட்டிப் பார்த்தார், சட்டையும் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்தார், திரும்பிப் போனார். லில்லி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் உண்மையைச் சொல்லி ஒரு நாழிகை ஆகவில்லை, நான் அதன்மேல் ஒரு பொய்யைப் போட்டு மூடிவிட்டேன். ஆனாலும் அந்தப் பொய்யால்தான் அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறியிருந்த சனம் வேறு ஒருவர் கையில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதை எந்தக் கணக்கில் வைப்பது?

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ பாதிதான் பார்த்தாய், ஏனென்றால் நீ எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தாய். காய்ச்சல் விட்டும் நீ பேசவில்லை. லில்லி அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாய். இன்னும் கொஞ்ச நாளில் அப்பாவே வேலையை விட்டிருப்பார், எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது என்றாய். மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னபோது, மாட்டேன் என்றுவிட்டாய். லில்லிதான் போனாள். வழி முழுக்க இரண்டு பேரும் சண்டை. அங்கே கல் இருக்கிறது என்று அவள் சொல்ல, எனக்குத் தெரியும் என்று அவர் சொல்ல, தெரிந்தால் ஏன் இடிக்கிறீர்கள் என்று அவள் கேட்க, அப்படியே ஆஸ்பத்திரி வாசல்வரை போனார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் போனேன். இடக்கண்ணின் நரம்பு செத்துவிட்டது, வலக்கண்ணிலும் பாதிதான் இருக்கிறது, கத்தி வைத்துத் திருத்துகிற நோய் இல்லை, சொட்டுமருந்து விட்டால் மிச்சம் இருப்பது நிற்கும் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது இரண்டு பேரும் சண்டை போடவில்லை.

முதலாளியிடம் உள்ளதைச் சொல்வது என்று தீர்மானம் செய்ததும் லில்லியின் பிடிவாதத்தால்தான். நானாக இருந்தால் இடுப்புவலி என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். முதலாளி, இத்தனை நாள் எத்தனை உயிர் என்று மட்டும் கேட்டார். பிறகு சந்தையில் பஸ் புறப்படுகிற இடத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலையைக் கொடுத்தார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போனேன். வீடு நடந்தது. ஒரு குடும்பத்துக் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். தீர்ந்ததும் உண்மைதான். ஆனால் அதைத் தீர்த்ததில் எங்கள் வீட்டு ஒட்டுதலுக்கு ஏதாவது பங்கு உண்டா என்று யோசித்தால், எனக்கு இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஒட்டுதல் அதை வளர்த்தது, சண்டை அதைத் தீர்த்தது. இப்படி எழுதும்போதே இதுவும் தப்பு என்று தோன்றுகிறது. நீ அந்தப் பலகையில் இல்லாமல் போயிருந்தால், அந்த மாதங்களில் எந்த நாளில் எந்த வளைவில் என்ன நடந்திருக்கும்?

பத்தாம் கிளாஸ் முடிந்ததும் நீ திருவனந்தபுரத்துக்குப் போனாய். பஸ் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தாய். ஓட்டப் படி என்று எல்லாரும் சொன்னபோது, பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை செய்கிறேன், ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்றாய். வீட்டுக்கு வரும்போது லில்லியிடம் சாப்பிட்டாயா என்று கேட்பாய், அவள் சாப்பிட்டேன் என்பாள். அதற்குமேல் உங்களுக்குள் பேச்சு இல்லை. உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதிலிருந்து சோறு பரிமாறினதுவரை அவள் ஓடி ஓடிச் செய்தாள். நீ அவளிடம் ஒரு சேலையைக் கொடுத்தாய். கொடுக்கும்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பாவிடம் போன வாரம் கேட்டேன். இத்தனை வருஷம் கேட்காததை, நீ கேட்டுவிட்டுப் போன தைரியத்தில் கேட்டேன். லில்லி அன்றைக்குச் சொன்னதில் உங்களுக்கு இன்னும் மனக்கசப்பு உண்டா என்றேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, அவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று நான் தினமும் காத்துக்கொண்டு கிடந்தேன் என்றார். அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் தாசு எதற்கு என்றேன். வெற்றிலையை மடித்தார். "அவன் பக்கத்துல இருந்தா எனக்குக் கண்ணு உண்டும்னே தோணும், கேட்டியா. அதனாலதான் விட முடியல்ல" என்றார். இதை நான் உனக்குச் சமாதானமாக எழுதவில்லை. இது சமாதானமா, இல்லை இன்னும் பெரிய பாரமா என்று எனக்கே தெரியவில்லை. சொன்னார், எழுதுகிறேன்.

இதுவரை எழுதி நேற்று நிறுத்திவிட்டேன். இனி எழுதப்போவதை எழுதலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். உன் கல்யாணத்துக்குச் சில வாரம் முந்தி அப்பாவைச் சொட்டுமருந்துக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். லில்லிக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பரீட்சை இருந்ததால் அவள் வரவில்லை. அவர் வெளியே வந்து உட்கார்ந்த பிறகு டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். வலக்கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது, மருந்து இனித் தாங்காது, ஒன்றிரண்டு வருஷத்தில் முழுக்கப் போய்விடும், வீட்டில் பேசிப் பக்குவப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். அப்பா வெளியே ஒரு சின்னப் பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருந்தார். கண்ணு நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. நீங்கள் புறப்படட்டும் என்று நினைத்தேன். புறப்பட்டீர்கள். அவர் நடக்கிற வழியில் கிடக்கிற மணையை அவர் வருமுன் எடுத்து ஓரத்தில் வைக்கிறேன். விளக்குத் திரியை முன்னைவிட உயர்த்தி வைக்கிறேன். படியில் இறங்கும்போது வேறு எதையோ பேசுகிற மாதிரி, இந்தப் படி பாசி பிடித்துவிட்டது என்கிறேன், அவர் காலைப் பார்த்து வைப்பதற்காக. கறியில் முள்ளை எடுத்துவிட்டுப் போடுகிறேன். இதெல்லாம் செய்ய வேண்டும் என்று நான் ஒரு நாளும் முடிவு எடுக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றும் முடிவு எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை, அவ்வளவுதான். முந்தாநாள் லில்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ என்னத்தம்மா மறைக்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். சொன்ன என் குரல் எனக்கே பழகின குரலாக இருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நான் கேட்டபோதெல்லாம் நீ சொன்ன குரல் அது.

இன்று காலை அவர் கஞ்சி குடித்து முடித்ததும் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். லில்லி புறப்படுவதற்காகக் குடையை எடுத்துக்கொண்டு கதவருகில் நின்றாள். அவள் என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், அவள் கேட்கிற ஏன்கள் எல்லாவற்றுக்கும் இன்றைக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று நின்றேன். ஆனால் அவள் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு, வந்து அவருக்கு இடப்பக்கமாகத் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவர் தடவிப் பார்த்து அவள் தலை என்று தெரிந்துகொண்டு, ஏட்டி, ஏதாவது பேசு என்றார். அவள் பேசவில்லை. சண்டைக்காரி பேசாமல் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு இதுவரை புரிந்திருந்த கொஞ்சமும் கலங்கிப்போயிற்று.

அவர் கொஞ்ச நேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். தனக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று கேட்பார், டாக்டரை ஏசுவார், அழுவார் என்று ஏதேதோ நினைத்தேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, தாசுக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். லில்லிக்கும் இப்போதுதான் தெரியுமா என்றார். ஆமாம் என்றேன். பிறகு கேட்டார்.

"அப்போ இத்தன நாளும் நீ ஒத்தைக்கா சொமந்த?"

அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். கல்யாண வேலைகளுக்கு நடுவே, உனக்கு எண்ணெய் வைத்தபோது, பெண் வீட்டாரோடு சிரித்துப் பேசினபோது, எல்லா நேரமும் அது எனக்குள் ஒரு கல்லாகக் கிடந்ததை யாரோ தொட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. நான் செய்தது சரி என்றும் அவர் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அது எனக்கு வேண்டியதாகவும் இல்லை.

மக்கா, கிணற்றடியில் நீ கேட்டாயே. நீ செய்ததற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அதில் ஒன்று எந்நேரமும் உன் மடியில் கிடந்து, ஒன்று எந்நேரமும் உன்னோடு மல்லுக்கு நின்றால், எதை நம்பு, எதற்குப் பயப்படு என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. நீ ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று நான் உன்னிடம் எத்தனையோ தடவை கேட்டேன். ஏன் பஸ்ஸை ஓட்ட மாட்டாய் என்று கேட்டோம், தங்கச்சியோடு ஏன் பேசவில்லை என்று கேட்டோம். அவர் இன்று காலை என்னிடம் கேட்டதை மட்டும் இந்த வீட்டில் யாரும் உன்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உனக்கு அப்போது வயசு பதினைந்து. மழையிலும் மங்கலிலும் ஒவ்வொரு சாயங்காலமும் அந்தப் பலகையில் உட்கார்ந்து, பின்னால் அத்தனை சனம் ஒன்றும் தெரியாமல் பேசிக்கொண்டிருக்க, அப்பாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி நீ ரோட்டைச் சொல்லிக்கொண்டு போனாய்.

ரொம்பப் பயந்து கெடந்தியா, மக்கா?

உன் அம்மா